உங்கள் படத்தைத் திரும்பப் பார்க்க ஒருவர் வேண்டும்

கொழும்புப் போதனா வைத்தியசாலைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் பயிலும் இளம் வைத்தியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புக்குரிய வைத்தியர்களே,

வாழ்நாளின் பெரும்பகுதியைக் கதிரியக்கப் பிரிவின் அரையிருட்டில் கழித்து, ஓய்வு பெற்று, இப்போது வெள்ளவத்தையில் இருக்கும் ஒருவன் எழுதும் மடல் இது. ஒரு காலத்தில் எங்கள் அறையில் மட்டுமே இருந்த அல்ட்ராசவுண்ட் இயந்திரம் இன்று சில்லுப் பூட்டிய மேசையில் உங்கள் நோயாளியின் கட்டிலடிக்கு வந்துவிட்டது. அதில் எனக்கு மகிழ்ச்சிதான். எங்கள் வேலையை நீங்கள் பறிக்கிறீர்கள் என்று முணுமுணுப்பவர்களோடு நான் ஒருநாளும் சேர்ந்ததில்லை. ஆனால் அந்த இயந்திரத்தை உங்களுக்கு எப்படிக் கற்றுத் தருகிறோம் என்பதில் எனக்குப் பெரிய கவலை உண்டு.

இதை ஆங்கிலத்தில் எழுதி ஒரு மருத்துவச் சஞ்சிகைக்கு அனுப்பியிருக்கலாம். தமிழில் எழுதுவதற்குக் காரணம், வெள்ளவத்தையில் இருந்தும் கொட்டாஞ்சேனையில் இருந்தும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உங்களிடம் வரும் சனங்களும் இதை வாசிக்க வேண்டும் என்பதே. அவர்களுடைய உடம்பில்தான் நீங்கள் பழகுகிறீர்கள். எப்படிப் பழகுகிறீர்கள் என்று அறிய அவர்களுக்கு உரிமை உண்டு.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்கேன் செய்து பழகினால் கை பழகும். நீங்கள் கண்டது சரியா பிழையா என்று பிறகு ஒருவர் உங்களுக்குச் சொன்னால்தான் கண் பழகும். அப்படிச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் ஒரே பிழையை வருடக்கணக்கில் செய்வீர்கள். செய்யச் செய்ய அதில் நம்பிக்கையும் கூடும். நமது அவசர சிகிச்சைப் பிரிவுகளில் அல்ட்ராசவுண்ட் பயிற்சிக்கு முதலில் வேண்டியது புதிய இயந்திரம் அல்ல. நேற்றிரவு எடுத்த படத்தை இன்று உங்களோடு உட்கார்ந்து பார்க்கும் ஒருவர்தான்.

இந்தக் கருவியின் வரலாறு நீண்டது. கிளாஸ்கோவில் மகப்பேற்று வைத்தியராக இருந்த இயன் டொனால்ட் வயிற்றுக் கட்டிகளை ஒலியலையால் பார்த்து 1958இல் லான்செட் சஞ்சிகையில் எழுதினார். ஜெர்மனியின் சத்திரசிகிச்சை வைத்தியர்கள் 1970களிலேயே விபத்தில் அடிபட்டவரின் வயிற்றில் இரத்தம் தேட அதைக் கையில் எடுத்தார்கள். இன்று நீங்கள் ஃபாஸ்ட் என்று அழைக்கும் பரிசோதனைக்கு 1990களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் உருவமும் பெயரும் வந்தன. கதிரியக்க நிபுணர் அல்லாதவர் ஸ்கேன் செய்யலாமா என்ற சண்டை அங்கேயும் நடந்தது. உரிய பயிற்சி பெற்ற எந்த வைத்தியரும் தன் துறைக்குள் அதைப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் 1999இல் முடிவெடுத்தது. "உரிய பயிற்சி பெற்ற" என்பதுதான் அந்தத் தீர்மானத்தின் உயிர். நம் ஊரில் பின்பாதியை எல்லோரும் சொல்கிறார்கள், முன்பாதியைச் சொல்லக் கேட்பது அரிது.

இலங்கையில் அவசர மருத்துவம் தனித் துறையாக எழுந்தது அண்மையில்தான். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகே அதற்கான தேவையைப் பலரும் உணர்ந்தார்கள். பட்டப்பின் மருத்துவ நிறுவகம் அவசர மருத்துவத்தில் எம்.டி. பயிற்சியை ஆரம்பித்ததும் அதன் பின்னரே. 2016இல் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது. முன்பெல்லாம் காலி வீதியில் மோட்டார் சைக்கிளில் இருந்து விழுந்தவரை வழியில் போன ஓட்டோவில் மடித்துப் போட்டுக்கொண்டு வருவார்கள். இன்று அவர் கழுத்துப் பட்டியோடும் ஒட்சிசனோடும் வருகிறார். வாசல்வரை வந்து சேரும் பாதை திருந்திவிட்டது. வாசலைத் தாண்டியபின் நடப்பது உங்கள் கையில் இருக்கிறது.

அப்படி வந்த ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். வயது முப்பது இருக்கும். இரத்த அழுத்தம் எண்பதுக்கு இறங்கிவிட்டது. நாடித் துடிப்பு நூற்று முப்பது. வெளியே பெரிய காயம் ஒன்றும் தெரியவில்லை. சிடி அறைக்குக் கொண்டுபோனால் வழியிலேயே நின்றுவிடக்கூடிய நிலை. இரத்தம் எங்கே போகிறது? நெஞ்சுக்குள்ளா, வயிற்றுக்குள்ளா, இடுப்பெலும்பைச் சுற்றியா? உங்கள் கேள்வி இவ்வளவுதான். ஈரலில் கட்டி இருக்கிறதா, பித்தப்பையில் கல் இருக்கிறதா என்பதெல்லாம் எங்கள் கேள்விகள், நாளைக்குரியவை. இந்த ஒரு கேள்விக்கு இரண்டு மூன்று நிமிடத்தில் விடை தேடத்தான் உடம்பில் வைத்துப் பார்க்கும் அந்தப் புரோப் உங்கள் கையில் இருக்கிறது.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். நான் அறிந்த வேலை இது.

மல்லாந்து கிடப்பவரின் வயிற்றில் இரத்தம் தங்கும் இடங்களில் முதன்மையானது ஈரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் இடையிலான மொரிசன் பை. அங்கே புரோப்பை வைத்து, ஈரலும் சிறுநீரகமும் ஒட்டிக் கிடப்பதைக் கண்டதும் "இல்லை" என்று சொல்லிவிட்டு மறுபக்கம் தாவுகிற பயிலுனர்களே அதிகம். அவசரப்படாதீர்கள். புரோப்பை மெல்லக் கால்பக்கமாக இறக்கி ஈரலின் கீழ் நுனியைத் தேடுங்கள். கொஞ்ச இரத்தம் இருந்தால் அது முதலில் தெரிவது அந்த நுனியைச் சுற்றியே. மெல்லிய கறுப்புக் கோடாக, கூரான முனையோடு நிற்கும். பிறகு தலைப்பக்கமாக ஏற்றி உதரவிதானத்துக்கு மேலே நெஞ்சறையையும் பாருங்கள். ஒரு பக்கத்தைப் பார்த்தேன் என்று சொல்வதற்கு முன் மேலும் கீழும் விசிறியாக ஓட்டியிருக்க வேண்டும்.

இடப்பக்கம் இன்னும் சிரமம். மண்ணீரல் நாம் நினைப்பதைவிட மேலேயும் முதுகுப்புறமாகவும் இருக்கிறது. உங்கள் விரல் மொளி கட்டில் விரிப்பில் முட்டும் அளவுக்குக் கையைத் தாழ்த்தினால்தான் அது சரியாக அகப்படும். அங்கே இரத்தம் முதலில் சேர்வது மண்ணீரலுக்கும் உதரவிதானத்துக்கும் நடுவில். சிறுநீரகத்தோடு ஒட்டிய இடத்தை மட்டும் பார்த்துவிட்டு எழும்பினால் விட்டுவிடுவீர்கள். நோயாளி சற்றுமுன் தேநீரோ சோடாவோ குடித்திருந்தால் இரைப்பைக்குள் உள்ள தண்ணீரும் அப்பக்கத்தில் கறுப்பாகத் தெரிந்து ஏமாற்றும். சிறுநீரகத்தைச் சுற்றிய கொழுப்பும் ஏமாற்றும். இருபக்கச் சிறுநீரகங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தால் கொழுப்பு பெரும்பாலும் சமமாக இருக்கும், இரத்தம் அப்படி இராது.

இடுப்புப் பகுதியைச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்கும்போதே பாருங்கள். நிறைந்த பைதான் ஒலியலைக்கு யன்னல். ஆனால் நடப்பது என்ன? நோயாளி வந்த ஐந்தாம் நிமிடம் கதீற்றர் போட்டுவிடுகிறார்கள், யன்னல் மூடிவிடுகிறது. இதற்கு மருந்து இயந்திரத்தில் இல்லை. "ஒரு நிமிஷம் பொறுங்க, நான் முதல்ல பாத்திர்றன்" என்று தாதியிடம் நேரத்தோடு சொல்லும் பழக்கத்தில் இருக்கிறது. எந்தப் புத்தகமும் இதை உங்களுக்குப் பழக்காது. பக்கத்தில் நிற்கும் மூத்தவர்தான் பழக்குவார்.

இதயத்தை நெஞ்செலும்பின் கீழிருந்து பார்க்கும்போது ஈரல் வழியாகப் பார்க்கிறீர்கள். அதனால் ஆழத்தைக் கூட்டுங்கள். இதயத்துக்கும் ஈரலுக்கும் நடுவில் கறுப்பு வளையம் தெரிந்தால் இதய உறைக்குள் இரத்தம் என்று அர்த்தம். கத்திக்குத்தோடு வந்தவருக்கு அந்த ஒரு காட்சி நேரே சத்திரசிகிச்சைக் கூடத்தின் கதவைத் திறக்கும். முன்புறத்தில் மட்டும் சாம்பல் புள்ளிகளோடு, இதயம் அசையத் தானும் சேர்ந்து அசைவது பெரும்பாலும் கொழுப்பு. இந்த வேறுபாட்டைச் சொற்களில் வாசித்துக் கற்க முடியாது. ஓடும் படத்தை இருவர் சேர்ந்து பார்த்துத்தான் கற்க முடியும்.

நுரையீரலைப் பற்றி ஒரு சொல். காற்று நிறைந்த உறுப்பில் ஒலியலை ஊடுருவாது, ஆகவே அதில் ஸ்கேனுக்கு வேலை இல்லை என்றுதான் எங்கள் தலைமுறை படித்தது. பாரிஸ் புறநகரில் தீவிர சிகிச்சை வைத்தியராக இருந்த டானியல் லிக்டென்ஸ்டைன் அந்த எண்ணத்தைப் பல ஆண்டு உழைப்பால் உடைத்தார். மூச்சுத் திணறலின் காரணத்தை நுரையீரல் ஸ்கேனால் பிரித்தறியும் அவருடைய முறை 2008இல் வெளிவந்தது. மல்லாந்து கிடக்கும் நோயாளியின் நெஞ்சு எக்ஸ்ரே, நுரையீரலுக்கு வெளியே சிக்கிய காற்றை ஏறக்குறையப் பாதிப் பேரில் தவறவிடுகிறது. விலா எலும்புகளுக்கு இடையே மினுங்கி வழுக்கும் அந்த வெள்ளைக் கோட்டைப் பார்க்கத் தெரிந்தவருக்கு அது தப்புவது குறைவு.

அதேவேளை, இந்தப் பரிசோதனை சொல்லாதவற்றையும் மனதில் வையுங்கள். வயிற்றில் சில நூறு மில்லிலீற்றர் சேர்ந்த பிறகே ஃபாஸ்ட் நம்பகமாகக் காட்டும். வயிற்றுக்குப் பின்புறம் இடுப்பெலும்பைச் சுற்றி ஒழுகும் இரத்தத்தை அது காட்டாது. குடல் கிழிந்ததை அது சொல்லாது. "இருக்கிறது" என்ற விடைக்குப் பெரிய பெறுமதி. "தெரியவில்லை" என்ற விடைக்குப் பெறுமதி குறைவு. அரை மணித்தியாலத்தில் நோயாளியின் நிலை இறங்கினால் திரும்பவும் வைத்துப் பாருங்கள்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தபோது காயப்பட்டவர்கள் தேசிய வைத்தியசாலைக்குத்தான் கொண்டுவரப்பட்டார்கள். அதே காலையில் கொழும்பின் ஹோட்டல்களிலும் வெடித்தது. அன்று கொட்டாஞ்சேனையில் ஆளை இழக்காத அல்லது இழந்தவரை அறியாத குடும்பம் அரிது. ஒரே நேரத்தில் பலர் வந்து குவியும் அப்படிப்பட்ட நாளில் யாரை முதலில் சத்திரசிகிச்சைக்கு அனுப்புவது என்ற முடிவைவிடக் கடினமான முடிவு ஒரு வைத்தியருக்கு வராது. 1988இல் ஆர்மேனியாவில் நிலநடுக்கம் வந்தபோது அங்குள்ள வைத்தியர்கள் ஒரு வைத்தியசாலையில் 72 மணித்தியாலத்துக்குள் 400 நோயாளிகளை அல்ட்ராசவுண்டால் பார்த்தார்கள். ஒருவருக்குச் சராசரியாக நான்கு நிமிடமளவில் ஆனது. சிடிக்கு வரிசையில் நிற்க நேரமில்லாத வேளையில் வயிற்றுக்குள் காயம் உள்ளவர்களை அப்படித்தான் பிரித்தெடுத்தார்கள். அந்த வேகம் அன்றைக்கு வந்ததல்ல. ஒவ்வொரு நாளும் ஸ்கேன் செய்துவந்த கைகளுக்கு அது முன்பே இருந்தது.

அப்படியான நாள் இன்னொன்று வரக்கூடாது என்பதே என் பிரார்த்தனை. வராவிட்டாலும் ஒவ்வொரு வருடமும் மழையோடு டெங்கு வருகிறது. கொழும்பில் உங்கள் ஸ்கேன் பயிற்சிக்கு மிகப் பெரிய பாடசாலை அதுதான் என்று நான் நினைக்கிறேன். 2017இல் நாட்டில் 186,000க்கும் அதிகமானோர் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள், 440 பேர் இறந்தார்கள். நோயாளர் தொகையில் கொழும்பு மாவட்டம் முன்னிலையில் இருப்பது வழக்கம். வெள்ளவத்தையின் மாடிக் கட்டடங்களின் நீர்த்தொட்டிகளும் கொட்டாஞ்சேனையின் நெருக்கமான தோட்ட வீடுகளும் நுளம்புக்கு ஒன்றுதான்.

டெங்குவில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் காய்ச்சல் அல்ல. காய்ச்சல் இறங்கும் நேரத்தில் இரத்தக் குழாய்களில் இருந்து நீர்ப்பகுதி கசிந்து நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் போவதுதான். பிளேட்லெட் ஒரு இலட்சத்துக்குக் கீழே இறங்கும் காலத்தை ஒட்டி அந்தக் கட்டம் தொடங்கி ஒன்று இரண்டு நாள் நீடிக்கும். அது எப்போது தொடங்கியது என்று தெரிந்தால், எவ்வளவு சேலைன் கொடுக்கலாம் என்று கணக்குப் போடலாம். குறைத்துக் கொடுத்தால் நோயாளி அதிர்ச்சி நிலைக்குப் போவார். கூட்டிக் கொடுத்தால் நுரையீரலில் நீர் கட்டும். ஆகவே அந்தத் தொடக்க மணித்தியாலத்தைப் பிடிப்பதே சிகிச்சையின் முக்கால்வாசி. வலது பக்க விலாவில் புரோப்பை வைத்தால், உதரவிதானத்துக்கு மேலே ஒரு விரற்கடை கறுப்பு தெரிகிறதா என்று பார்த்துவிடலாம். தேசிய வைத்தியசாலையில் நோயாளரைத் தொடர்ந்து அவதானித்த கொழும்பு டெங்கு ஆய்விலும் கசிவை அறிய அல்ட்ராசவுண்டைப் பயன்படுத்தினார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பித்தப்பையின் சுவர் தடித்திருப்பதைக் கண்டவுடன் "லீக் தொடங்கிவிட்டது" என்று குறிப்புத்தாளில் எழுதுவதை அடிக்கடி கண்டிருக்கிறேன். சுவர் தடிப்புக்கு வேறு காரணங்களும் உண்டு. சாப்பிட்டுச் சுருங்கிய பித்தப்பையும் தடித்ததுபோலவே தெரியும். அதை மட்டும் வைத்து முடிவுகட்டாதீர்கள். நீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இரத்தத்தின் செறிவைக் காட்டும் ஹீமற்றோகிறிற் ஏறுகிறதா என்று பாருங்கள். சில மணித்தியாலம் கழித்து அதே இடத்தில் அதே ஆழத்தில் திரும்பப் பாருங்கள்.

ஏன் டெங்குவைப் பாடசாலை என்கிறேன்? காலையில் நீங்கள் பார்த்ததை மாலையில் நீங்களே சரிபார்க்கலாம். அதே நோயாளி, அதே கட்டில். உங்கள் விடை பிழை என்றால் ஹீமற்றோகிறிற் காட்டிக்கொடுக்கும், அல்லது மறுநாள் கதிரியக்கப் பிரிவின் முழு ஸ்கேன் காட்டிக்கொடுக்கும். விபத்து நோயாளி அப்படியல்ல. அவர் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குப் போய்விடுவார். உங்கள் கடமைநேரம் முடிந்துவிடும். வயிற்றைத் திறந்து பார்த்ததில் என்ன இருந்தது என்று உங்களுக்கு யாரும் சொல்லமாட்டார்கள். நீங்கள்தான் தேடிப் போய்க் கேட்க வேண்டும். தயவுசெய்து கேளுங்கள். சத்திரசிகிச்சை ரெஜிஸ்ட்ராரிடம் கேளுங்கள், சிடி அறிக்கையை எடுத்து வாசியுங்கள், நோயாளி இறந்துபோனால் பிரேத பரிசோதனை முடிவைக் கேட்டறியுங்கள்.

இனிப் பயிற்சிக்கு வருகிறேன். இரண்டு நாள் செயலமர்வு, ஒரு சான்றிதழ், ஒரு குழுப் புகைப்படம், பகல் சாப்பாடு. ஆரோக்கியமான மாணவர்களின் வயிற்றில் ஜெல் பூசிப் பார்த்துவிட்டு எல்லோரும் கலைந்துபோகிறார்கள். தொடக்கத்துக்கு அது நல்லது, நானும் பலமுறை அப்படிப் படிப்பித்திருக்கிறேன். ஆனால் ஆரோக்கியமான வயிற்றில் இரத்தம் இல்லை. அமெரிக்க அவசர மருத்துவர் கல்லூரி 2001 முதல் வெளியிட்டுவரும் வழிகாட்டல்களில் ஒவ்வொரு வகைப் பரிசோதனைக்கும் 25 முதல் 50 வரையான ஸ்கேன்கள், மொத்தமாக 150 முதல் 300 வரை என்று சொல்கிறார்கள். அவை சரிபார்க்கப்பட்ட ஸ்கேன்களாக இருக்க வேண்டும் என்பதும் அதே வழிகாட்டலின் பகுதி. லொக் புத்தகத்தில் ஐம்பது வரி எழுதி ஒரே நாளில் ஒரே பேனையால் கையொப்பம் வாங்கினால் அது ஐம்பது ஸ்கேன் ஆகாது.

எம்.டி. முடித்து அவுஸ்திரேலியாவுக்கோ பிரித்தானியாவுக்கோ பயிற்சிக்குப் போகும்போது முறையாகக் கற்கலாம் என்று உங்களில் சிலர் இருக்கிறீர்கள். போங்கள், கற்றுவாருங்கள். ஆனால் நாடு அதுவரை காத்திருக்க முடியாது. 2022 நெருக்கடிக்குப் பிறகு எத்தனை வைத்தியர்கள் போனார்கள், எத்தனை பேர் திரும்பவில்லை என்பதை என்னைவிட உங்கள் கடமைப் பட்டியல் நன்றாகச் சொல்லும். திரும்பி வரும் ஒருவரை நம்பி ஒரு பிரிவின் பயிற்சி முழுவதும் நின்றால், அவர் இடமாற்றம் பெற்றுப் போகும் நாளில் பயிற்சியும் போய்விடும்.

அதனால் நான் கேட்பது வாரத்தில் ஒரு மணித்தியாலம். ஒரு குறித்த நாள், ஒரு குறித்த நேரம். அந்த வாரம் எடுத்த ஓடும் படங்களைத் திரையில் போட்டு, எடுத்தவர், அவசர மருத்துவ நிபுணர், கதிரியக்கப் பிரிவில் இருந்து ஒருவர் ஆகிய மூவரும் இருந்து பார்க்க வேண்டும். எடுத்தவர் என்ன கேள்வியோடு எடுத்தார், என்ன விடை எழுதினார், நோயாளிக்குக் கடைசியில் என்ன நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும். பிழை கண்டால் ஏசக்கூடாது. ஏச்சு விழும் இடத்தில் அடுத்த வாரம் நல்ல படங்கள் மட்டுமே வந்து சேரும், கற்க வேண்டியவை வீட்டிலேயே தங்கிவிடும். இதற்குப் பெரிய செலவில்லை. படத்தைச் சேமிக்கும் பழக்கம்தான் வேண்டும். பல பிரிவுகளில் இயந்திரம் சேமிக்கும், ஆனால் யாரும் பொத்தானை அமர்த்துவதில்லை. சேமிக்காத ஸ்கேனைப் பற்றி விவாதிக்க முடியாது.

அதற்குப் பதிலாக நீங்கள் செய்வது எனக்குத் தெரியும். திரையைக் கைபேசியில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் நண்பருக்கு அனுப்பி "மச்சான், இது ஃப்ளூயிட் தானே?" என்று கேட்பது. கேட்கும் ஆவலைப் பாராட்டுகிறேன். ஆனால் திரையின் மூலையில் நோயாளியின் பெயரும் வயதும் இருக்கின்றன. 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்நாட்டில் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், ஜம்பட்டா வீதியில் இருந்து வந்த ஒரு தாயின் வயிற்றுப் படம் ஊர் பேர் தெரியாத கைபேசிகளில் கிடக்கக்கூடாது. அந்தக் கேள்வியைக் கேட்க முறையான இடம் இல்லாததால்தான் அது வாட்ஸ்அப்புக்குப் போகிறது. அந்த இடத்தை உண்டாக்கித் தருவது எங்களுடைய கடமை.

இதயம் நின்றவருக்கு ஸ்கேன் செய்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் அங்கே பயிற்சிக் குறைவு நேரே உயிரைத் தொடுகிறது. நாடி பார்க்க நெஞ்சு அழுத்தலை நிறுத்தும் இடைவெளி பத்து வினாடியைத் தாண்டக்கூடாது. 2017இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், புரோப் வைத்துப் பார்த்த இடைவெளிகள் சராசரி 21 வினாடி நீடித்தன, வைக்காதவை 13 வினாடி. திரையைப் பார்த்தபடி நின்றவர்களுக்கு நேரம் போனது தெரியவில்லை. அழுத்தல் நடந்துகொண்டிருக்கும்போதே புரோப்பைச் சரியான இடத்தில் வைத்து ஆயத்தமாக இருங்கள். நிறுத்தியதும் பதிவை ஓடவிடுங்கள். ஒரு தாதி உரத்து எண்ணட்டும். பத்து என்றதும் கையை எடுங்கள். என்ன தெரிந்தது என்று அழுத்தல் மறுபடி தொடங்கிய பிறகு பதிவில் பார்க்கலாம். இதைப் பொம்மையில் பலமுறை பழகாமல் மனிதரில் செய்ய வேண்டாம்.

நோயாளியோடு பேசுங்கள். நம் சனங்களுக்கு ஸ்கேன் என்றால் பிள்ளைத்தாய்ச்சிக்குச் செய்வது, அல்லது புற்றுநோய் தேடச் செய்வது. நீங்கள் சொல்லாமல் ஜெல் பூசினால் பயந்துபோவார்கள். "அம்மா, வயித்துக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கோ எண்டு மட்டும் பாக்கிறன், ரெண்டு நிமிஷம்" என்றால் போதும். முடித்த பிறகு இன்னொன்றும் சொல்லியாக வேண்டும்: இது முழு ஸ்கேன் அல்ல என்று. அவசர சிகிச்சைப் பிரிவில் "எல்லாம் ஸ்கேன் பண்ணிப் பாத்தாச்சு, ஒண்டுமில்லயாம்" என்று நம்பி, கிளினிக்குக்கு எழுதிக் கொடுத்த துண்டை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு மாதக்கணக்கில் இருந்தவர்களை நான் சந்தித்திருக்கிறேன். தமிழ் தெரியாத சக வைத்தியர் ஸ்கேன் செய்தால் அந்த வசனத்தை நீங்கள் பக்கத்தில் நின்று சொல்லுங்கள். சிங்கள நோயாளிக்கு அவர்கள் உங்களுக்காகச் சொல்வார்கள்.

இயந்திரத்தையும் கவனியுங்கள். ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் புரோப்பைத் துடையுங்கள், தயாரிப்பாளர் சொன்ன திரவத்தால் மட்டும். வயரைச் சில்லுக்கு அடியில் விடாதீர்கள். ஒருமுறை நிலத்தில் விழுந்தால் உள்ளே உள்ள படிகங்கள் சில செத்துவிடும், படத்தில் நெடுக்காகக் கறுப்புக் கோடுகள் விழும், அதை நிழல் என்று நினைத்துக் காலம் தள்ளுவீர்கள். இன்றைய நிலையில் இன்னொரு புரோப் வாங்க எவ்வளவு காலம் பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

இந்த மடலின் கடைசிப் பகுதி என் சொந்தத் துறையில் இருப்பவர்களுக்கும் பிரிவுகளை நடத்தும் நிபுணர்களுக்கும். கதிரியக்க நண்பர்களே, இந்தப் பிள்ளைகள் ஸ்கேன் செய்யத்தான் போகிறார்கள். நள்ளிரவு இரண்டு மணிக்கு நாம் வந்து சேரும்வரை காத்திருக்க நோயாளியால் முடியாது. நாம் கற்றுக்கொடுத்தால் சரியாகச் செய்வார்கள், விலகி நின்றால் தாங்களே பழகிக்கொள்வார்கள், நோயாளிதான் விலை கொடுப்பார். வாரத்தில் ஒரு மணித்தியாலம் கீழே இறங்கிப் போங்கள். நிபுணர்களே, அந்த ஒரு மணித்தியாலத்தைக் கடமைப் பட்டியலில் எழுதுங்கள். எழுதாமல் விட்டால் முதல் நெருக்கடியிலேயே அது காணாமல் போகும்.

இளம் வைத்தியர்களே, நீங்கள் கேளுங்கள். ஒருவராகக் கேட்டால் மறந்துவிடுவார்கள், எல்லோரும் சேர்ந்து கேளுங்கள். உங்கள் படத்தைத் திரும்பப் பார்க்க ஆள் இல்லை என்றால், கொழும்பில் ஓய்வுபெற்று வீட்டில் இருக்கும் கதிரியக்க வைத்தியர்கள் பலர் இருக்கிறோம். கண் இன்னும் தெளிவாகத்தான் இருக்கிறது. நிர்வாகத்திடம் அனுமதி வாங்கிவிட்டுக் கூப்பிடுங்கள், வருகிறோம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற கதிரியக்க வைத்திய நிபுணர் ஒருவர்
வெள்ளவத்தை, கொழும்பு